துரை திறக்காத கதவு

என் அப்பாவைச் சாகடித்தவனுடைய மகளுக்கு அன்று காலை நானே கார்க் கதவைத் திறந்துவிட்டேன். போதாக்குறைக்கு ஒரு சலாமும் வைத்தேன்.

"நல்லா கீறியாப்பா?" என்றாள் அவள், எந்த வெள்ளைக்காரியும் பேசாத தமிழில்.

"உங்க புண்ணியத்துல" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது அவளுக்குத் தெரிந்திருக்காது.

பெயர் எலினார் ஹாலிஸ். அமெரிக்காவில் பிலடெல்பியாவிலிருந்து கப்பலேறி வந்தவள். நாற்பதைத் தாண்டிய வயது, கழுத்தில் காமிரா, மடியில் ஒரு பெட்டி. இந்த ஜில்லாவுக்கு முதன்முதலில் வந்த அமெரிக்கர்கள் குடியிருந்த பழைய வீடுகளைக் காரில் போய் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், துணைக்கு விவரம் தெரிந்த ஒரு அம்மாள் வேண்டும் என்று எங்களிடம் வந்தாள். "அப்புறம் ஒரு ஆள கண்டுபுடிக்கணும். அது யாருன்னு எனக்கே தெரியாது" என்றும் சொன்னாள். ஆம்பூரில் பிறந்து பதினாலு வயதில் அப்பாவோடு ஊர் திரும்பியவள். அவளுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தது அவர்கள் வீட்டில் சமைத்த வள்ளியம்மாள். அதனால் துரைசானி வாயைத் திறந்தால் ஆம்பூர் சந்தை பேசியது.

எங்களிடம் என்றால், வேலூர் லாங் பஜாரில் வெற்றிலைக் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் தொழில் நடத்தும் சம்பூர்ணம் அம்மாளிடம். அவருக்குக் காரோட்டி, கையாள், வாயாடி மூன்றும் நான்தான். பெயர் ஹபீப். சம்பூர்ணம்மா ஜெயிலில் பெண் கைதிகளுக்கு வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பொய் சொல்கிறவர்களின் முகத்தை அவர் பார்க்கவே மாட்டார். முகத்தை எல்லோரும் பழக்கி வைத்திருக்கிறார்கள், கைக்குத்தான் நடிக்கத் தெரியாது என்பார்.

ஹாலிஸ் என்ற பெயரைக் கேட்டபோதே அவள் யார் மகள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆம்பூரில் அவனை ஆலீஸ் துரை என்பார்கள். அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்குத் தோல் வாங்கியவன். என் அப்பா வாஹித் பாஷா ஆம்பூரில் சின்ன அளவில் தோல் பதனிட்டவர். எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒருநாள் அப்பாவின் சரக்கு முழுவதிலும் மிளகுத்தூளை இறைத்த மாதிரி கரும்புள்ளி விழுந்திருந்தது. ஆவாரம் பட்டை ஊறும் தொட்டியில் இரும்பு பட்டால் தோல் மசியாகக் கறுத்துவிடும் என்பது ஆம்பூரில் எல்லோருக்கும் தெரியும். எந்தத் தோல்காரனாவது தெரிந்தே அதைச் செய்வானா? அதை யாரும் கேட்கவில்லை. 'மட்டச் சரக்கை என் தலையில் கட்டப் பார்த்த திருடன்' என்று ஆலீஸ் துரை ஊரைக் கூட்டிச் சொன்னான். கறுத்த தோல் ஒன்றைத் தன் பங்களா வாசற்கதவில் ஆணியடித்து மாட்டச் சொன்னான். அதற்குப் பிறகு விருந்துகளில் அப்பாவோடு ஒரே தட்டில் கை வைக்க ஆளில்லாமல் போனது. பாலாற்றில் வெள்ளம் வந்த ஒருநாள் அப்பா ஆற்றில் இறங்கினார். கால் வழுக்கிவிட்டது என்றது ஊர். வழுக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அன்று எங்களைக் கைவிடாதவர் ஒரே ஒருவர், அப்பாவின் தோஸ்த் ஷபீ அஹமது. எனக்குச் சித்தப்பா மாதிரி, ஷபீ சாச்சா. அம்மாவுக்கு வாணியம்பாடியில் வீடு பார்த்துக் கொடுத்தார், ஒவ்வொரு பெருநாளுக்கும் புதுத்துணி அனுப்பினார். இந்த ஃபோர்டு காரே அவர் வாங்கிக் கொடுத்ததுதான்.

இந்தக் கதையெல்லாம் தெரிந்த சம்பூர்ணம்மா முதல்நாள் மாலை என்னைக் கேட்டார். "கேஸ் வேணாம்னு சொல்லிடட்டுமா?"

"எடுங்கம்மா. அவ அப்பன் வீட்டு வாசல்லயே அவள நிக்க வெச்சு, ஆம்பூர் பூரா பாக்கத் தலைகுனிய வெக்கணும். சும்மா கொன்னா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும். அது எனக்குக் கம்மி."

"சரி. ஆனா அவ இன்னாத்துக்கு வந்தான்னு எனக்குத் தெரியற வரைக்கும் நீ வாயத் தொறக்கக்கூடாது."

"என்னால ஆகற காரியமா சொல்லுங்கம்மா."

வாயைத்தான் மூடச் சொன்னார், கையை மூடச் சொல்லவில்லை. ஆற்காட்டுச் சாலையில் எத்தனை பள்ளம் இருந்ததோ அத்தனையிலும் காரை இறக்கினேன். பின் இருக்கையில் அவள் கூரையில் முட்டி முட்டி இறங்குவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அவளோ சிரித்தாள். "சின்ன வயசுல மாட்டு வண்டில போன மாதிரியே கீது!" பழி வாங்குவது கூட அதிர்ஷ்டம் இருந்தால்தான் நடக்கும் போலிருக்கிறது.

ஆற்காட்டில் முதல் வீடு. எண்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு அமெரிக்க டாக்டர் கட்டியதாம். ஆலீஸ் துரையும் வந்த புதிதில் அங்கே தங்கியிருக்கிறான். பாதிக் கூரை விழுந்து, உள்ளே ஆடு கட்டியிருந்தார்கள். எலினார் பரபரவென்று படம் எடுத்தாள். நான் பீடி பற்றவைத்துக்கொண்டு காரில் சாய்ந்து நின்றேன். சம்பூர்ணம்மா மெல்ல என் பக்கம் வந்தார்.

"ஹபீப், தூணு, மச்சு, கூரை எதையாவது அவ படம் புடிச்சாளா?"

"ஆட்டத்தான் புடிக்கறான்னு நெனச்சேன்."

"மூணு படமும் கதவுல சாவி போடற ஓட்டை. வீடு பாக்க வந்தவ பூட்டப் பாக்கறா."

இரண்டாவது வீடு வேலூரில், கோட்டைக்குப் பின்பக்கம். இப்போது அங்கே ஒரு வக்கீல் குடியிருந்தார். எலினார் நேராக வக்கீல் சம்சாரத்திடம் போய், "உங்க வூட்டுச் சாவிய கொஞ்சம் காட்டும்மா" என்றாள். அந்த அம்மாள் கூச்சல் போட்டதில் தெருவே கூடிவிட்டது. சம்பூர்ணம்மா குறுக்கே புகுந்து, துரைசானி இந்த வீட்டில் குழந்தையாகத் தவழ்ந்தவள் என்று ஒரு பொய்யைச் சொல்லிச் சாவியை வாங்கிக் காட்டினார். எலினார் அதை ஒரு பார்வை பார்த்து உதட்டைப் பிதுக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பள்ளிகொண்டா தாண்டியதும் ஒரு புளியமரத்தடியில் காரை நிறுத்தச் சொன்னார் சம்பூர்ணம்மா.

"மிஸ்ஸியம்மா, ஜெயில்ல பதினெட்டு வருஷம் சாவிக்கொத்தோட பொழச்சவ நானு. நீங்க ஒரு சாவியத் தேடறீங்க. எந்தச் சாவி, எதுக்குன்னு சொல்லிட்டா பெட்ரோலாவது மிஞ்சும்."

எலினார் பெட்டியைத் திறந்து மடித்து வைத்திருந்த ஒன்றை எடுத்து, கார் பானெட்டின் மேல் விரித்தாள்.

ஒரு ஆட்டுத்தோல். ஆவாரம் பட்டையில் பதனிட்ட பழுப்பு நிறம். நான்கு மூலையிலும் ஆணி ஓட்டை. மேலெல்லாம் கரும்புள்ளி.

ஆணியடித்த அன்று அந்தக் கதவின் முன்னால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அந்தத் தோலை எனக்குத் தெரியாமலிருக்குமா?

"எங்கப்பா கதவுல மாட்டினாரு. அப்புறம் கம்பெனிக்குக் காட்டணும்னு ஊருக்கு எடுத்துட்டுப் போனாரு. போன வருஷம் அவர் போய்ட்டாரு. பெட்டியக் காலி பண்ணும்போதுதான் நா திருப்பிப் பாத்தேன்" என்று அவள் தோலைப் புரட்டினாள்.

சதைப்புறத்தில் நட்டநடுவில் ஒரு சாவி கிடந்தது. சாவி இல்லை, சாவியின் அச்சு. கைநீளச் சாவி, தலையில் மூன்று வளையம், முனையில் படிபோல வெட்டிய பல். மையால் வரைந்தது மாதிரி அவ்வளவு தெளிவாகக் கறுத்திருந்தது. புள்ளி விழுந்த பக்கத்தை ஊர் பார்க்க மாட்டியதால் இந்தப் பக்கம் கதவோடு ஒட்டிக்கொண்டு, ஒருத்தர் கண்ணிலும் படாமல் போயிருக்கிறது.

சம்பூர்ணம்மா அந்த அச்சின் மேல் விரலை ஓட்டினார். "இரும்புச் சாவி. தொட்டி மேல குனிஞ்சு இரும்புத்தூளக் கொட்டினவன் இடுப்புலருந்து நழுவி, தோலுக்கு நடுவுல விழுந்திருக்கு. வேணும்னே கெடுத்திருக்கான். ஹபீப், உங்க கொட்டகைச் சாவியா இது?"

"எங்க கொட்டகைச் சாவி என் சுண்டுவிரல் கூட இருக்காது."

"உங்க கொட்டகையா?" என்று எலினார் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாஹித் பாஷா எங்கப்பா" என்றேன். அதற்கு மேல் எனக்குத் தமிழும் வரவில்லை, உருதும் வரவில்லை.

அவள் முகம் வெளுத்துப்போனது. கைகூப்பினாள், மன்னிப்புக் கேட்டாள், அழவும் அழுதாள். நான் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

"எங்கப்பாவே கெடுத்திருப்பாரோன்னு எனக்குப் பயம்" என்றாள். "வெலையக் கொறைக்கறதுக்கு யாரையாவது ஏவி விட்டிருப்பாரோ? அதான் அவர் இருந்த வூட்டுப் பூட்டெல்லாம் பாக்கறேன். இன்னும் ஆம்பூர் ஒண்ணுதான் பாக்கி."

"உங்க வீட்டுச் சாவி உங்களுக்கே தெரியாதா?" என்று சீறினேன்.

"நாங்க யாரும் கதவு தெறந்ததே இல்லப்பா. நாங்க வந்தா தெறந்திருக்கும். எங்கப்பா அந்த வூட்டுச் சாவியக் கையால தொட்டிருக்கவே மாட்டாரு."

என் அப்பாவைத் திருடன் என்று அறைந்த கதவின் சாவி எப்படியிருக்கும் என்று கூட அந்தத் துரைக்குத் தெரியவில்லை. நான் வேகமாக வண்டியை எடுத்தேன். மாதனூர் வரைக்கும் சம்பூர்ணம்மா என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்.

ஆம்பூர் பங்களா இப்போது ஷபீ சாச்சாவுடையது. துரை ஊரை விட்டுப் போனதும் அவரே வாங்கிவிட்டார். பழைய துரையின் மகள் வருகிறாள் என்று நான் முன்னாலேயே சொல்லி அனுப்பியிருந்ததால், ஜும்மா தொழுகை முடிந்த கையோடு ஊர்ப் பெரிய தோல் வியாபாரிகளை அழைத்து வந்து கூடத்தில் உட்கார்த்தியிருந்தார். எல்லோருக்கும் மூத்தவரான ரஷீத் அஹமது சாயபு நடுவில் இருந்தார். தட்டு வைக்கும் தஸ்தர்கான் துணி விரித்தாயிற்று, பிரியாணி வாசனை வாசல் வரை வந்தது. இதைவிட நல்ல சபை எனக்கு எங்கே கிடைக்கும்? சாவி மட்டும் பொருந்தட்டும், ஆலீஸ் துரையின் மானத்தை இங்கேயே கப்பலேற்றுகிறேன் என்று கறுவிக்கொண்டேன்.

"வா பேட்டா!" என்று சாச்சா என்னைக் கட்டிக்கொண்டார். வெள்ளைத் தாடி, அத்தர் மணம், பூப்போல ஒரு சிரிப்பு.

சம்பூர்ணம்மா உள்ளே வராமல் வாசற்கதவருகே நின்றுவிட்டார். "அடேயப்பா, இன்னா பூட்டு! துரை காலத்துதா சாயபு?"

"அதே பூட்டுதாம்மா. மாத்த மனசே வரல." சாச்சா பெருமையாக ஷெர்வானிக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்தார். கைநீளச் சாவி. தலையில் மூன்று வளையம். படிபோல வெட்டிய பல்.

எலினார் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கிடைத்தாள் என் கையில்!

"இவ்ளோ பெரிய சாவிய துரை எங்க வெச்சிருப்பாரு, பாவம்?" என்றார் சம்பூர்ணம்மா, ஒன்றும் தெரியாதவர் போல.

"துரையா?" சாச்சா வாய்விட்டுச் சிரித்தார். "துரை சாவியத் தொட்டதே இல்லம்மா. அப்ப நான் அவருக்குத் தரகு பாத்துட்டிருந்தேன். அவர் மலைக்குப் போனாலும் மெட்ராஸ் போனாலும் சாவி என் இடுப்புலதான். வாட்ச்மேன நம்ப மாட்டாரு. இந்த ஷபீயத்தான் நம்புவாரு."

"வேற யார் கைக்கும் போனதே இல்லையா?"

"ஒரு ராத்திரி கூட இல்ல. அல்லா மேல ஆணையா."

கூடத்தில் இருந்தவர்கள் மெச்சிக்கொண்டு தலையாட்டினார்கள். சம்பூர்ணம்மா சாவியைக் கையில் வாங்கிக்கொண்டார். எலினாரின் பெட்டியைத் திறந்து தோலை எடுத்து, வெள்ளைத் தஸ்தர்கான் மேல் சதைப்புறம் தெரிய விரித்தார். சாவியை அச்சின் மேல் வைத்தார். வளையம் வளையத்தில் உட்கார்ந்தது, பல் பல்லில் உட்கார்ந்தது.

"இது வாஹித் பாஷாவோட தோலு. கறுத்துப்போச்சுன்னு இந்தக் கதவுல மாட்டினாங்களே, அதே தோலு. அன்னிக்கு இந்தச் சாவி அந்தத் தொட்டில கெடந்திருக்கு."

நான் எலினார் மேல் பாய்ந்தேன். "பாத்தியா! உங்கப்பன் வூட்டுச் சாவி! சொல்லு, இந்த சபைல சொல்லு!"

அவள் தலைகுனிந்து நின்றாள். நான் எதற்காக அவளைக் கூட்டி வந்தேனோ அது நடந்துவிட்டது.

"ஹபீப், வாய மூடு" என்றார் சம்பூர்ணம்மா. "வீடு துரையோடது. இடுப்பு யாரோடது?"

நான் சாச்சாவைப் பார்த்தேன். அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. அவருடைய கை மட்டும் சாவி இருந்த இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தது.

எலினார் தலையை நிமிர்த்தினாள். "ஒரே ஒரு தடவ, அந்தத் தோலு கறுத்த சமயம், நாங்க ஏலகிரிலருந்து வந்த அன்னிக்குக் கதவு பூட்டிக் கெடந்துது. சாவி இல்ல. என்னத் தூக்கி ஜன்னல் வழியா உள்ள எறக்கினாங்க, என் கவுனு கிழிஞ்சுது. வாட்ச்மேன் கோவிந்தசாமி தொலச்சிட்டான்னு நீங்கதான் சொன்னீங்க. அவன வேலைய விட்டுத் துரத்தினாங்க."

"ஆமா, கோவிந்தசாமிதான்..." என்று தொடங்கினார் சாச்சா.

"ஒரு ராத்திரி கூட வேற கைக்குப் போகலன்னு இப்பத்தான ஆணை வெச்சீங்க சாயபு" என்றார் சம்பூர்ணம்மா.

அப்போதுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. கறுத்த தோல்களைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்த அன்று, சாச்சா பைஜாமாவை மடித்துக் கட்டிக்கொண்டு தானே தொட்டிக்குள் இறங்கினார். கூலிக்காரர்களை ஒதுக்கிவிட்டு ஒவ்வொரு தோலாக அவரே தூக்கிக் கொடுத்தார். தோஸ்த் என்றால் இவனல்லவா தோஸ்த் என்று அப்பா கண் கலங்கினார். பாவி, அப்பாவின் கண் எதிரிலேயே தன் சாவியைத் துழாவியிருக்கிறான்.

"ஏன் சாச்சா?" என்றேன். என் குரல் எனக்கே சின்னப் பையன் குரலாகக் கேட்டது.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "தரகே வேணாம், இனிமே துரைகிட்ட நேராப் பேசிக்கறேன்னு உங்கப்பா சொன்னான். நான் நடுத்தெருவுக்கு வந்திருப்பேன். ஒரு சரக்கு போச்சுன்னா திரும்ப என்கிட்ட வருவான்னு நெனச்சேன் பேட்டா. அவன் ஆத்துல எறங்குவான்னு நான் கனவுல கூட நெனக்கல."

ரஷீத் அஹமது சாயபு எழுந்தார். கழுவிய கையை மேல்துண்டில் துடைத்துக்கொண்டார். பிரியாணித் தட்டுகள் ஆவி பறக்க இருந்தன. "வாஹித் பாஷாவோட ஒரே தட்டுல கை வெக்க மாட்டேன்னு முதல்ல எழுந்து போனவன் நான்தான்" என்றார். "இன்னிக்கும் நானே முதல்ல போறேன்." அவர் வாசலைக் கடந்ததும் மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒருவர் கூட ஒரு பருக்கை தொடவில்லை. ஒருவர் கூட சலாம் சொல்லவில்லை.

எனக்கு அது போதவில்லை. சத்தியமாகப் போதவில்லை. இவன் கொடுத்த துணியை உடுத்தி, இவன் கொடுத்த காரில் ஏறி, இருபத்தெட்டு வருஷம் ஒரு வெள்ளைக்காரனைச் சபித்துக்கொண்டு திரிந்தேனே! அந்த எரிச்சல் அடங்க எதுவும் போதாது.

"போலீசக் கூப்பிடு ஹபீப். நான் ஜெயிலுக்குப் போறேன்" என்றார் சாச்சா.

"இவ்ளோ பழைய கதைக்கு எந்த போலீசும் வரமாட்டான்" என்றார் சம்பூர்ணம்மா. "வந்தாலும் ஜெயில் எனக்குத் தெரியும் சாயபு. அங்க வேளைக்குச் சோறு போட்டுப் படுக்க வெக்கறாங்க. இவன் கேக்கறது அது இல்ல."

நான் கேட்பது என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது. எலினாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவள் போய்க் காரின் முன் இருக்கையில் உட்கார்ந்து, பின் இருக்கையைக் காலியாக விட்டாள்.

"எழுந்திரிங்க. வாணியம்பாடிக்குப் போறோம்" என்றேன்.

அவருக்குப் புரிந்ததும் முகம் கோணிக்கொண்டது. என் கையைப் பிடித்தார், காலையும் பிடிக்க வந்தார். "வேணாம் பேட்டா. இந்த வூட்ட எடுத்துக்க, கம்பெனிய எடுத்துக்க. வேணும்னா தெருவுல நிக்க வெச்சு அடி. உங்கம்மாகிட்ட மட்டும் கூட்டிட்டுப் போகாத. என்ன அவங்க கூடப் பொறந்தவனா நெனச்சிட்டிருக்காங்க."

"தெரியும். அம்மா ஒவ்வொரு தொழுகை முடிஞ்சும் கையேந்தி முதல்ல உங்க பேரச் சொல்லித்தான் துவா கேக்கறாங்க. எங்கப்பா பேரு கூட அதுக்கு அப்புறந்தான்." அவர் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினேன். "சாயங்கால அசர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருக்கு, ஷபீ அஹமது. அதுக்குள்ள போய்ச் சேர்ந்தாகணும்."